பொறுப்பாளர் ஒருவர்

பஸ்ஸில் ஏறியதும் எல்லாரும் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர் மட்டும் டிரைவருக்குப் பின்னால், கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கும் முதலுதவிப் பெட்டியைப் பார்ப்பார். பார்த்தால் பரவாயில்லை, திறந்தே விடுவார்.

ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வேடசந்தூர் சாலையில் திண்டுக்கல்லுக்கு வந்துகொண்டிருந்தோம். தனியார் பஸ், நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனவர், எக்கி நின்று பெட்டியின் மூடியைத் தள்ளினார். உள்ளே ஒரு சீப்பும், பாதி தீர்ந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலும், காய்ந்து கறுத்த ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தன.

"மருந்து எங்கப்பா?" என்று கண்டக்டரைக் கேட்டார்.

"ஓனருகிட்டதாம்மா கேக்கணும்."

"ஓனரு எங்க இருக்காரு?"

"ஒட்டன்சத்திரத்துல."

"அப்ப அடிபட்டவனத் தூக்கிக்கிட்டு ஒட்டன்சத்திரம் போகணுமா?"

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். கண்டக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் விடவில்லை. "சரி, துணி இருக்குன்னே வச்சுக்க. உனக்குக் கட்டத் தெரியுமா? ஓட்டுறவருக்குத் தெரியுமா? உங்க ரெண்டு பேருக்கும் அடிபட்டா இந்த பஸ்ஸுல யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பின்னால் திரும்பி எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். நான் அவரைத் தெரியாதவன் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி முருங்கைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மில்லில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்த்தவர்கள் நாங்கள்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய சொந்தக்காரப் பிள்ளைகள் இன்னும் மில்களில் வேலை பார்க்கிறார்கள். எங்கள் மில்லிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பெட்டியக்கா' என்றுதான் சொல்வார்கள். அகரத்திலிருந்து தினமும் வந்து போகிறவர். நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை. நான் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யார் எதற்காக வெளியே போகிறார்கள் என்று எழுதி வைப்பது என் வேலை. அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவன் என்பதால் 'அண்ணே' என்பார்.

அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கேன்டீனில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடிதான் சாப்பிடுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் கதவைப் பார்க்கும், ஃபேனைப் பார்க்கும், தரையில் எண்ணெய் சிந்தியிருக்கிறதா என்று பார்க்கும். அவர் பக்கத்தில் செத்த நேரம் நின்றால் நமக்கும் கால் தரையில் பாவாது.

அவரை முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பியதே அதனால்தான். மில்லிலிருந்து ஒரு ஆளை ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தபோது, "அந்தம்மாவ அனுப்புங்க சார், ஒரு நாளாச்சும் டிபார்ட்மென்ட் நிம்மதியா இருக்கும்" என்றார் வைண்டிங் சூப்பர்வைசர். திண்டுக்கல்லுக்குப் போய்விட்டு ஒரு சான்றிதழோடு வந்தார். மறுநாள் மில்லில் இருந்த எல்லாப் பெட்டிகளின் மேலும், பொறுப்பாளர் என்று போட்டு அவர் பெயரை வெள்ளைப் பெயின்டில் எழுதினார்கள். ஒரு சேலையைத் தவிர வேறு எதன்மேலும் தன் பெயர் எழுதி அவர் பார்த்ததில்லையாம், அதுவும் சலவைக்காரர் போட்ட குறியாம். சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒரு மத்தியானம் டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு லெட்டர் எழுதணும். மேனேஜருக்கு."

"என்னன்னு?"

"பெட்டிக்கு நான் ஒருத்தி பத்தாதுன்னு. நான் காலைல ஷிஃப்டு. அடுத்த ஷிஃப்டுல யாரு இருக்கா? நான் லீவு போட்டா யாரு? டிபார்ட்மென்டுக்குப் பத்துப் பேருக்காச்சும் கத்துக் குடுக்கணும்னு எழுதுங்க. நானே கத்துக் குடுக்குறேன், சாப்பாட்டு நேரத்துலேயே."

எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டு, "சட்டத்துல பெட்டிக்கு ஒருத்தர்தான் கேக்குறான். நம்மகிட்ட ஒருத்தர் இருக்காங்க. அப்புறம் என்ன?" என்று சொல்லிக் காகிதத்தை மேஜைக் கண்ணாடிக்குக் கீழே செருகினார். அது அங்கேயே கிடந்தது.

அவர் சும்மா இருந்தாரா என்றால், இல்லை. சாப்பாட்டு நேரத்தில் யாரையாவது பிடித்து, "கீழ படு, மயங்குனவன எப்பிடிப் பொரட்டிப் போடணும்னு காட்டுறேன்" என்பார். பெண் பிள்ளைகள் வெட்கப்பட்டு ஓடுவார்கள். ஆம்பளைகள், "மத்தியானத்துல படுத்தா எந்திரிக்க மாட்டேங்க்கா" என்று கிண்டல் செய்வார்கள். என்னிடமும் வந்தார். எனக்கு ரத்தம் என்றாலே ஆகாது. கோழிக்கடை வாசலில் நிற்க மாட்டேன். "எனக்கெதுக்கும்மா, நான் பேனா புடிக்கிறவன்" என்றேன். "பேனா புடிக்கிற கையிதானே, துணியப் புடிக்காதா?" என்றார். காதில் வாங்காதவன் மாதிரி நோட்டைப் புரட்டினேன். அவர் போகவில்லை. ஜன்னலில் நின்றபடியே, நான் கேட்கிறேனா இல்லையா என்று கவலைப்படாமல், ரத்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மளமளவென்று ஒப்பித்துவிட்டுத்தான் போனார்.

அவர் மேல் எரிச்சல் வராத நாளே கிடையாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை டீ நேரத்தில் எல்லாப் பெட்டிகளையும் திறந்து சரிபார்ப்பார். எது குறைந்தாலும் என்னிடம் வந்து நிற்பார், வாங்கிப் போடும்வரை நகர மாட்டார். அப்படி ஒருநாள் பேல் குடோனுக்குப் போனார். பேல் என்கிற பஞ்சுப் பொதிகளை இறுக்கி இரும்புப் பட்டை போட்டிருப்பார்கள். கட்டரால் பட்டையை வெட்டினால் உள்ளே அமுங்கியிருந்த பஞ்சு உப்பும், பட்டை சாட்டை மாதிரி விசிறி அடிக்கும். வெட்டுகிறவன் ஒதுங்கி நின்றுதான் வெட்ட வேண்டும். அன்றைக்கு ஒருவன் நேராக நின்று வெட்டப் போனான். "ஏலே, தள்ளி நில்லுரா" என்று கத்திக்கொண்டே அவனைப் பிடித்து இழுக்கப் போயிருக்கிறார். அதற்குள் பட்டை அறுந்துவிட்டது. அவன் தப்பித்தான். அவருடைய இடது கை முழங்கைக்குக் கீழே கிழிந்துவிட்டது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், குடோனிலிருந்து ஒருவன் டைம் ஆபீஸைத் தாண்டி வைண்டிங்கைப் பார்த்து ஓடினான். "பெட்டியக்காவக் கூப்பிடுங்க! பெட்டியக்கா எங்க? குடோன்ல அடிபட்டுருச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினான். வைண்டிங்கில் மிஷின் மிஷினாகத் தேடினான். அவர் அங்கே இல்லை என்றதும் கேன்டீனுக்கு ஓடினான். யாருக்கு அடி என்று ஒருவர் கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அப்படியே தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். அவன்மேல் தப்புச் சொல்ல முடியாது. அடிபட்டால் அக்காவைக் கூப்பிட வேண்டும், அதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே முதலுதவி.

நான் குடோனுக்குப் போனபோது பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். அவர் ஒரு பேலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையால் இடது கையை அழுத்திப் பிடித்திருந்தார். விரல் இடுக்குகளில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பஞ்சு. ஒருவன் ஒரு பிடி பஞ்சை அள்ளிக்கொண்டு குனிந்தான்.

"அழுக்குப் பஞ்ச வைக்காதடா!" என்று கத்தினார். இன்னொருவன் கேன்டீனிலிருந்து காப்பித்தூள் டப்பாவோடு வந்தான். "அதப் போட்டா நின்னுரும்க்கா" என்றான். "அதப் போட்டு நீ காப்பி குடி" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெளியே போவதற்கான அவுட் பாஸ் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தேன். வண்டியில் ஏற்ற வேண்டும் என்றால் பாஸ் வேண்டும், பாஸில் மேனேஜர் கையெழுத்து வேண்டும். "சார் எங்க, சார் எங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ரத்தத்தைப் பார்க்க வேண்டாம், அதுவும் ஒரு காரணம்.

"அண்ணே" என்றார். "பாஸு பெறகு எழுதலாம். இங்கிட்டு வந்து கைய வைங்க."

"நானா?"

"நீங்கதான். பெட்டிக்குள்ள துணி இருக்கு. பிரிங்க."

பிரித்தேன். முதல் துணி கீழே விழுந்துவிட்டது. "அத விடுங்க, அடுத்தத எடுங்க" என்றார். வைத்தேன். "உள்ளங்கையால அமுக்குங்க. அப்பிடி இல்ல. எலும்பு தட்டுற மாதிரி அமுக்குங்க. நான் கத்துவேன், விட்ராதீங்க." அமுக்கினேன். கத்தினார். விடவில்லை. "இப்பக் கைய மேல தூக்குங்க. நெஞ்சுக்கு மேல." தூக்கினேன்.

அப்படியே நிமிர்ந்து சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "நூத்தியெட்டுக்கு யாரு போன் பண்ணுனா?" என்று கேட்டார். ஒருவன் இன்னொருவனைப் பார்த்தான். அவன் சூப்பர்வைசரைப் பார்த்தான். யாருமே பண்ணவில்லை. ஒவ்வொருவனும் மற்றவன் பண்ணியிருப்பான் என்று நினைத்திருந்தான். "நீ பண்ணு" என்று ஒருவனைக் கைகாட்டினார். காட்டிய கையில் ரத்தம் சொட்டியது. அதன் பிறகுதான் அவன் பண்ணினான்.

கொஞ்ச நேரத்தில் அவர் பேச்சு குழறியது. உதடு வெளுத்தது. கண்ணை மூடிக்கொண்டார். "அம்மா, அம்மா" என்றேன். பதில் இல்லை. துணி நனைந்து என் விரலெல்லாம் வழவழத்தது. "துணிய மாத்துங்க சார்" என்றான் பக்கத்தில் நின்றவன். எடுக்கப் போனேன். அப்போதுதான் என் ஜன்னலில் நின்று அவர் ஒப்பித்தது ஞாபகம் வந்தது. "நனைஞ்ச துணிய எடுக்காதீக, எடுத்தா அடைச்சது தொறந்துக்கும், அதுக்கு மேல இன்னொண்ணு வைங்க." நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது. மேலே இன்னொன்று வைத்தேன். அதற்கு மேல் இன்னொன்று. அவரைப் படுக்க வைத்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மற்றவர்கள் முக்கால் மணி நேரம் என்றார்கள். எல்லாருடைய நேரத்தையும் எழுதி வைக்கிறவன் நான், அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிழைத்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரியில் தைத்தார்கள், பிறகு மறுபடியும் ஒரு ஆபரேஷன் செய்தார்கள். நரம்பு அறுபட்டதில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்காமல் போய்விட்டன.

மறுநாள் விபத்து அறிக்கை எழுத வேண்டும். மேனேஜர் பக்கத்தில் நின்று சொன்னார், நான் எழுதினேன். 'விபத்து நடந்த இடத்தில் பயிற்சி பெற்ற முதலுதவியாளர் இருந்தார். முதலுதவி அளிக்கப்பட்டது.' எழுதும்போதே பேனா நின்றது. "என்னப்பா, பொய்யா? இருந்தாங்கல்ல?" என்றார் மேனேஜர். பொய் இல்லைதான். எழுதி முடித்தேன். பிறகு அதை மாற்றி எழுதவும் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவரைக் கேன்டீனில் காய் நறுக்கும் வேலையில் போட்டார்கள். ஒரு கையால் கத்தரிக்காயைப் பிடிக்க முடியாமல் அது உருண்டு உருண்டு ஓடும். அதைத் துரத்திப் பிடிப்பார். பெட்டிகளின் மேல் அவர் பெயர் அப்படியே இருந்தது. வேறு யாருக்கும் பயிற்சி கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் வேலையிடங்களில் முதலுதவி பற்றிப் புதிய விதிகள் கொண்டுவரப்போவதாகவும், அதன் வரைவைப் பார்த்துவிட்டுப் பொதுமக்கள் கருத்தும் ஆட்சேபனையும் சொல்லலாம் என்றும் அறிவிப்பு வந்தது. எங்கள் மாவட்டத்துக்குத் திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. யாரோ ஒரு பையன் செல்போனில் காட்டியிருக்கிறான். அதைக் காகிதத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இங்கிலீசுல போட்டிருக்காய்ங்க. படிச்சுச் சொல்லுங்கண்ணே."

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பெட்டியின் அளவு, நிறம், மேலே போட வேண்டிய குறி, உள்ளே இருக்க வேண்டிய சாமான்கள். நின்றபடியே கேட்டார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தார். 'ஒவ்வொரு பெட்டிக்கும் பயிற்சி பெற்ற பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும்' என்ற இடம் வந்ததும், "நிப்பாட்டுங்க" என்றார்.

"மறுபடியும் ஒருத்தருன்னுதான் போட்டிருக்காய்ங்களா?"

"ஆமாம்மா."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். "எங்க வீட்டுக்காரு மோட்டாரு ரூம்புல சாக் அடிச்சு விழுந்து கெடந்தாரு. பத்துப் பேரு வந்து நின்னாய்ங்க. வயரிங்காரன் வரட்டும், தொடாதீகன்னாய்ங்க. மெயினு சுச்சு எங்க இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியல. எனக்கும் தெரியலண்ணே. நானும்தான் நின்னேன்." அவ்வளவுதான். அதைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் அவர் பேசியதில்லை. "நான் போறேன், கூட்டத்துக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேனேஜர் என்னையும் அந்தக் கூட்டத்துக்குத்தான் அனுப்பினார், மில் சார்பாக. கையில் டைப் அடித்த கடிதம். பெட்டிக்குப் பொறுப்பாளர் ஒருவரே போதுமானது, அதற்கு மேல் கட்டாயப்படுத்தினால் உற்பத்தி பாதிக்கப்படும் என்று அதில் இருந்தது. டைப் அடித்ததும் நான்தான்.

மண்டபத்தில் ஃபேன்கள் கடகடவென்று சுற்றின. மேடையில் அதிகாரி ஒருவர், குறிப்பெடுக்க இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு நிமிஷம். கத்தரிக்கோல் துருப்பிடிக்காததாக இருக்க வேண்டுமா, சாதாரணமாக இருந்தால் போதுமா என்று ஒருவர் ஆரம்பித்தார். மருந்துச் சாமான் விற்கிற ஒருவர் பட்டியலில் இன்னும் ஏழெட்டுப் பொருள் சேர்க்கச் சொன்னார். சிறிய பட்டறைக்காரர் ஒருவர் பாதியைக் குறைக்கச் சொன்னார். பெட்டி மரமா, தகரமா, பிளாஸ்டிக்கா என்று மூன்று பேர் பேசினார்கள். ஒரு மணி நேரம் அப்படியே போனது. நாற்காலி காலியாக இருந்தும் அவர் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே நான் இருப்பதைப் பார்த்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் முறை வந்தது. மைக் அவர் உயரத்துக்கு இல்லை. அதைத் திருகித் தாழ்த்த ஒரு கை போதவில்லை. அப்படியே விட்டுவிட்டுச் சத்தமாகப் பேசினார்.

"ஐயா, வணக்கம். இம்புட்டு நேரமாப் பெட்டிக்குள்ள என்ன இருக்கணும்னு பேசுனீங்க. எங்க மில்லுப் பெட்டியில எல்லாமே இருந்துச்சு. கத்திரிக்கோலு இருந்துச்சு, துணி இருந்துச்சு. வாராவாரம் பாப்போம்."

"அப்புறம் என்னம்மா குறை?" என்றார் அதிகாரி.

"ஆளு இல்லங்கய்யா."

"பயிற்சி எடுத்தவங்க யாரையும் போடலையா?"

"போட்டிருந்தாய்ங்க."

"அன்னைக்கு லீவா?"

"இல்லங்கய்யா, டூட்டிலதான் இருந்தாக. அந்த எடத்துலயேதான் இருந்தாக."

"பின்ன?"

"கீழ விழுந்து கெடந்தாகங்கய்யா. அது நாந்தேன்."

சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் இடது கையைத் தூக்கி, மடங்குகிற விரல்களை மடக்கினார். இரண்டு விரல்கள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. சிரிப்பு அடங்கியது.

"ஒருவர்னு போட்டிருக்கிறத எல்லாருமேன்னு மாத்துங்கய்யா" என்றார்.

அதிகாரி நல்ல மனுஷர். பொறுமையாகத்தான் கேட்டார். "எல்லாருக்கும்னா நடைமுறையில முடியுமாம்மா? மில்லு ஓட வேணாமா?"

"அன்னைக்கு ஓடலங்கய்யா. முக்கா மணி நேரம் எல்லாரும் என்னையப் பாத்துக்கிட்டு நின்னாய்ங்க. அந்த முக்கா மணி நேரத்த முன்னாடியே குடுத்திருந்தா பூராப் பேருக்கும் கத்துக் குடுத்திருப்பேன்."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். மணி அடித்தார்கள், இரண்டு நிமிஷம் முடிந்துவிட்டது. அவர் நகரவில்லை. "அந்தா நாலாவது வரிசையில உக்காந்திருக்காரு பாருங்க, எங்க டைம் ஆபீஸ் அண்ணே. அவருதான் என் கையக் கட்டுனாரு. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. கேட்டுப் பாருங்க."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எழுந்து நின்றேன். மேனேஜர் கொடுத்த கடிதம் கையில் ஈரமாகிவிட்டது.

"நீங்க மில் சார்பாவா வந்திருக்கீங்க?"

"ஆமா சார். மில் கருத்து இதுல இருக்கு." கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்திருக்கலாம். உட்காரத்தான் நினைத்தேன்.

"உங்க கருத்து?" என்றார்.

அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. எதைச் சொல்வது என்று யோசிக்கவில்லை, வந்ததைச் சொன்னேன். "சார், அடிபட்டுக் கெடந்தவங்க சொல்லச் சொல்லத்தான் நான் கட்டினேன். அவங்க முன்னாடியே மயங்கியிருந்தா நான் அவுட் பாஸ் எழுதிக்கிட்டுத்தான் நின்னிருப்பேன். பயிற்சி எடுத்தவங்க அந்த இடத்துலயே இருந்தாங்கன்னு ரிப்போர்ட் எழுதினதும் நான்தான். பொய் இல்லை சார். ஆனா அப்படி எழுதியிருக்கக் கூடாது."

அவ்வளவுதான் பேசினேன். மில்லின் கடிதத்திலும் அவர் பேசியதைக் குறித்த தாளிலும் ஒரே முத்திரையைக் குத்தி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். வெளியே வந்ததும் அவர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஏண்ணே, எல்லாரும்னு மாத்தணும்னு நீங்களும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றார். பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

மறுவாரம் என்னை டைம் ஆபீஸிலிருந்து எடுத்துக் குடோனுக்கு மாற்றினார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. அவரைக் கேன்டீனில் எல்லாரும் பார்க்கிற மாதிரி திட்ட ஆரம்பித்தார்கள், கை மெதுவாக வருகிறது என்று. ஒரு மாசம் பொறுத்தார். பிறகு ஆயக்குடிப் பக்கம் மகளைக் கொடுத்த இடத்தில் கொய்யாத் தோட்டம் இருக்கிறது என்று போய்விட்டார். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டைத் தாண்டும் முன், கேட்டில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாராம். வாட்ச்மேன் சொன்னார்.

அவர் போன பிறகு மில் அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. குடோனில் பட்டை வெட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தோள் தூக்கிப் போட்டது. எங்கே யார் நிற்கிறார்கள் என்று கண் தானாகப் போய்ப் பார்த்தது. நானும் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்திருந்தேன்.

பல மாசம் கழித்து விதிகள் இறுதியாகி வந்தன. குடோன் வாசலில் நின்று செல்போனில் படித்தேன். 'ஒருவர்' என்று இருந்த இடத்தில், 'ஒவ்வொரு ஷிஃப்டிலும் குறைந்தது இருவர்' என்று இருந்தது. அவர் பேசியதால்தான் மாறியதா, வேறு ஊர்களிலும் யாராவது பேசினார்களா, தெரியாது. உடனே அவருக்குப் போன் செய்தேன். மறுமுனையில் ஏதோ வண்டியில் கூடைகளை ஏற்றும் சத்தம்.

"அம்மா, மாத்திட்டாங்க! ஷிஃப்டுக்கு ரெண்டு பேருன்னு போட்டிருக்காங்க. சட்டத்துலயே வந்துருச்சு!"

அழுவார் என்று நினைத்தேன்.

"ரெண்டு பேரா?" என்றார். "ரெண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்குப் போயிட்டா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சட்டத்த விடுங்கண்ணே. இப்ப எங்க இருக்கீங்க?"

"குடோன்லதாம்மா."

"அங்க எத்தன பேரு வேல பாக்குறாக?"

"பதினோரு பேரு."

"அதுல எத்தன பேருக்கு நீங்க சொல்லிக் குடுத்தீங்க?"

ஒருவருக்கும் இல்லை. குடோனுக்கு வந்து அத்தனை மாசம் ஆகியும் ஒருவருக்கும் இல்லை. அவர் காத்திருந்தார். அவர் காத்திருந்து நான் பார்த்ததே இல்லை.

"மணி என்னாகுது?" என்றார்.

"பதினொண்ணு."

"சாப்பாட்டுச் சங்கு ஊத இன்னும் அம்புட்டு நேரங் கெடக்கு. போன வைங்கண்ணே."

வைத்தேன். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு உள்ளே போனேன். கட்டரைக் கையில் வைத்திருந்தவனிடம், "அதக் கீழ வச்சுட்டு எல்லாரையும் கூப்பிடுப்பா" என்றேன்.